இரண்டு விரல் துணி

போன வாரம் லைனிங் துணி வாங்க தி. நகர் போயிருந்தேன். பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்னக் கடை, தரையிலிருந்து கூரைவரை நிறம் நிறமாகத் துணிக்கட்டுகள். இப்போதெல்லாம் புடவை முந்தானையைப் பையில் எடுத்துக்கொண்டு போய்த்தான் நிறம் பார்க்கிறேன். ஞாபகத்தை நம்பிப் போனால் மயில்கழுத்து நிறத்துக்குப் பதில் பாசிப்பச்சையோடு வீடு திரும்புவேன். கடைக்காரர் இரண்டு கட்டுகளை மேசையில் தள்ளி, "இன்னாம்மா இவ்ளோ யோசிக்கிற, ட்யூப்லைட்ல அப்டித்தான் தெரியும். வெளிய எட்த்துனு போய் வெயில்ல பாரு" என்றார். கட்டைப் பிரித்ததும் கஞ்சியும் சாயமும் கலந்த அந்தப் புதுத் துணி வாசனை முகத்தில் அடித்தது. வந்த காரியம் மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

உங்களுக்கு அது வெறும் கஞ்சி வாசனையாக இருக்கலாம். எனக்கு அது மதியம் பன்னிரண்டே முக்கால், மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியின் ஆசிரியர் அறை. எலுமிச்சை சாதம், சாக்பீஸ் தூள், யாரோ உரித்த ஆரஞ்சுத் தோல், அதற்கு நடுவில் என் மடியில் லைனிங் துணி. பக்கத்து நாற்காலியில் ஜரீனா.

நான் கணக்கு டீச்சர், ஜரீனா வரலாறு. ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில், என் வீடு அடையாறில். வீட்டில் உருது பேசுவாள், வகுப்பில் செந்தமிழ் பேசுவாள், என்னிடம் மட்டும் "இன்னாடி" என்பாள். நானாவது தையல் மெஷின் வைத்திருந்தேன். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. ஊக்கு அறுந்தால் சேஃப்டி பின் குத்திக்கொண்டு வந்து நிற்பாள். ஆனால் படிப்பாள். மந்தைவெளியில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. வாரம் இரண்டு புத்தகம் அங்கிருந்து அவள் பையில் ஏறி இறங்கும்.

எனக்கும் வாசிக்கப் பிடிக்கும். ஆனால் ஐந்து வகுப்பு, வகுப்புக்கு ஐம்பது பேர், வாரத்துக்கு ஒரு டெஸ்ட் என்றிருந்தால் கைக்கும் கண்ணுக்கும் சேர்த்து எங்கே நேரம்? அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சாப்பிட்டு முடித்ததும் மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும். அவள் சத்தமாக வாசிப்பாள், நான் ஓரம் அடிப்பேன், ஊக்கு தைப்பேன். பள்ளியில் சொந்த வேலை செய்யக் கூடாது என்பது தலைமையாசிரியையின் கட்டளை. ஆகவே என் பிளவுஸ் விடைத்தாள் கட்டுக்குள் இருக்கும். அவள் நாவல் பிரவுன் அட்டை போட்டு 'பாடக் குறிப்பு' என்ற லேபிளோடு இருக்கும். தலைமையாசிரியைக்கு இது தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கதை விறுவிறுப்பான இடத்துக்கு வரும்போது அவரும் கதவோரம் வந்து நிற்பதைப் பின்னால்தான் கவனித்தோம்.

ஜரீனாவின் வாசிப்பில் ஒரு வினோதம் இருந்தது. எந்தப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிடுவாள். பிறகுதான் எனக்கு முதல் பக்கத்திலிருந்து வாசிப்பாள். "முடிவு தெரிஞ்சிட்டாத்தான் எனக்கு நிம்மதியா படிக்க வரும். இல்லன்னா அவ என்ன ஆவாளோ, இவன் என்ன ஆவானோன்னு ராத்திரி தூக்கம் வராது" என்பாள். முடிவை எனக்குச் சொல்லவே மாட்டாள். கதாநாயகி சாகப் போகிறாள் என்று தெரிந்துகொண்டே அவள் கல்யாணப் பக்கங்களைச் சிரித்துச் சிரித்து வாசிக்க ஒரு மனுஷியால் எப்படி முடிகிறது என்று எனக்கு அப்போது ஆச்சரியமாக இருக்கும்.

அவளுடைய பிளவுஸ் எல்லாம் என் மெஷினில்தான். அளவு பிளவுஸ் கொண்டுவர ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுவாள். அதனால் டேப் வைத்து அளந்து, என் பாடக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். மேலே 'ஜ' என்று போட்டு, கீழே மார்புச் சுற்றளவு, தோள், கை உயரம். நேராகக் கோடு போட்டு அட்டவணையாகத்தான் எழுதுவேன். கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும்?

அவளுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு பிளவுஸ் இருந்தது. ஆண்டு விழா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் உடுத்தும் புடவைக்கு நான் தைத்தது. ஒரு ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதைக் கொண்டுவந்து, "லூஸா கீது, கொஞ்சம் பிடிச்சுக் குடு" என்றாள். "நோன்புல இளைச்சிட்டியா?" என்றேன். "பெசன்ட் நகர் பீச்ல டெய்லி நடக்குறேன்ல" என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதே வாரம் நான் என் பிளவுஸ் இரண்டைப் பக்கத் தையல் பிரித்து அகலமாக்கியிருந்தேன். அதே பீச்சில் நானும் நடந்தவள்தான். நடந்து முடித்து பஜ்ஜி சாப்பிட்டது என் தவறு.

ஆகஸ்டில் மறுபடி கொண்டுவந்தாள். அளந்து எழுதினேன். அப்போது அவள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "உள்ள இருக்கிற துணிய மட்டும் வெட்டிடாத. திரும்ப குண்டானா பிரிச்சிக்கலாம்."

தைக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளவுஸ் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு விரல் அகலம் துணியை விட்டுத்தான் தைப்போம். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும், பிளவுஸ் கூடவே வளரும். நம் வீடுகளில் பெண்கள் குண்டாவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இளைப்பவர்களுக்கென்று தனியாக எந்த ஏற்பாடும் எனக்குத் தெரியாது.

"எதுக்கு மறுபடி குண்டாகணும்? இப்படியே இரு, காலேஜ் பொண்ணு மாதிரி இருக்க" என்றேன். அவள் சிரித்தாள். அன்று புதுப் புத்தகம் ஆரம்பித்தாள். நேராக முதல் பக்கத்தைத் திருப்பினாள். "என்னடி, கடைசிய பாத்தாச்சா?" என்று கேட்டேன். "இல்ல, இந்த தடவ வேணாம். எல்லாரையும் போல படிப்போம்" என்றாள். நான் ஓரம் அடித்துக்கொண்டே சரி என்றேன். அவ்வளவுதான் நான் கவனித்தது.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் கழுத்தளவு இருந்த நேரத்தில் மூன்றாவது தடவை வந்தது அதே பிளவுஸ். மறுநாள் ஆண்டு விழா ஒத்திகை. இத்தனை தடவை பிடித்ததில் உள்ளே துணி கத்தையாகச் சேர்ந்திருந்தது. போட்டால் அக்குளில் குத்தும், பட்டு வேறு. அவள் சொன்னதை நான் மறக்கவில்லை என்பதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாபகம் இருந்தது. நன்றாக முடித்துக் கொடுத்து அசத்த வேண்டும் என்ற என் கர்வம்தான் கத்தரியை எடுத்தது. உள் துணியை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்து, ஓரத்தை மடித்து அடித்தேன். கடையில் தைத்ததுபோல இருந்தது.

மறுநாள் மதியம் கொடுத்தேன். என்றைக்கும் தையலைத் திருப்பிப் பார்க்காதவள் அன்று உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். பக்கத் தையலில் விரலை ஓட்டினாள்.

"வெட்டிட்டியா?"

"ஆமா, எதுக்கு கத்தையா? நீதான் இனிமே குண்டாக மாட்டியே" என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். இதே வாயால்.

ஜரீனா பிளவுஸின் ஊக்குகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். பிறகு மடித்துப் பையில் வைத்தாள். "நல்லாத்தான் கீது, விடு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. மணி அடித்தது. ஏழாம் வகுப்புக்குப் போனேன்.

ஜனவரியில் அவள் விடுப்புக் கடிதம் வந்தபோதுதான் பள்ளிக்கு விஷயம் தெரிந்தது. வயிற்றில் புற்று. மே மாதமே அவளுக்குத் தெரியும். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, பரீட்சை முடிகிறவரை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம். அன்று வீட்டுக்கு வந்து பாடக் குறிப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். மார்புச் சுற்றளவு முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று. என் கையெழுத்து, நான் போட்ட கோடு. வரிசையைப் பார்த்து அடுத்த எண்ணைக் கண்டுபிடி என்று குழந்தைகளை அதட்டுகிறவள் நான். டேப்பை அவள் உடம்பில் சுற்றிப் பிடித்தவளும் நான். டாக்டருக்கு அடுத்தபடி அந்த உடம்பு தெரிந்தது எனக்குத்தான். நான் பஜ்ஜியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவள் பள்ளிக் கதையெல்லாம் கேட்டாள், தலைமையாசிரியை இப்போது யாருடைய வாசிப்பை ஒட்டுக்கேட்கிறார் என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பிளவுஸ் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது தடவை போகலாம் என்று இருந்தேன். மார்ச் கடைசியில், மகளுக்குப் பரீட்சை முடிந்து நான்காம் நாள், போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தபின் ஜரீனாவின் மகள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. உள்ளே அந்தக் கத்திரிப்பூ பிளவுஸ்.

"அம்மி ஆஸ்பத்திரில இத தெச்சிக்கினு இருந்தாங்க ஆன்ட்டி. நர்ஸ்கிட்ட நூல் கோத்துத் தரச் சொல்லுவாங்க. ஒரு பக்கம்தான் ஆச்சு. டிஸ்சார்ஜ் ஆனதும் இன்னொரு பக்கத்த உங்ககிட்ட குடுத்து முடிச்சிக்கலாம்னாங்க" என்றாள்.

வாங்கி உள்பக்கத்தைத் திருப்பினேன். இடது பக்கத் தையலைப் பிரித்து, நடுவில் ஒரு துண்டுத் துணியை வைத்து இணைத்திருந்தாள். ஏதோ பழைய லைனிங்கிலிருந்து கிழித்தது. வெள்ளை நூல். பெரிய பெரிய தையல், ஒன்று மேலே போனால் அடுத்தது கீழே, நடுவில் இரண்டு இடத்தில் முடிச்சு. ஊசியே பிடிக்காதவள். அந்தத் துண்டின் மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் இருந்தது.

அந்தப் பெண் எதிரில் இருந்ததால் அழாமல் இருந்தேன். அவள் காபி குடித்து, கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு அழுதேன். இன்றுவரை ஜரீனாவின் சாவுக்காக அழுததைவிட அந்தத் தையலுக்காக அழுததுதான் அதிகம்.

இப்போது யாராவது இளைத்துப் போயிருந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறேன், டாக்டரைப் பார்த்தாயா என்று. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டி இளைத்தவர்கள் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

அந்தப் பள்ளியில் பழைய ஆசிரியர் அறையை இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த கட்டடம் கட்டியிருக்கிறார்கள். மந்தைவெளி லைப்ரரி இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. ஜரீனாவின் மகள் கனடாவில் இருக்கிறாள், ரம்ஜானுக்கு வாழ்த்து அனுப்புகிறேன், பதில் வருகிறது. நானும் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. படிக்கவும் தைக்கவும் நாள் முழுக்க நேரம் இருக்கிறது. வாசித்தால் தைக்க முடியவில்லை, தைத்தால் வாசிக்க முடியவில்லை.

அந்தப் பிளவுஸின் வலது பக்கத்தை நான் தைக்கவில்லை. எத்தனையோ தடவை மெஷினில் வைத்தேன். என் நேர்த்தையலை அவளுடைய கோணல் தையலுக்கு எதிரில் போட மனம் வராமல் திரும்ப எடுத்து பீரோவின் அடித்தட்டில் வைத்துவிடுவேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மழையில் அடையாறு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. வடிந்தபின் பீரோவைத் திறந்தோம். பட்டு சாயம் போய்ச் சேறாகிக் கிடந்தது. நான் போட்ட மெஷின் தையல் ஒன்றும் விடவில்லை, அப்படியே இருந்தது. அவள் கையால் போட்ட தையல் மட்டும் மொத்தமாகப் பிரிந்திருந்தது, அந்தத் துண்டு அதில் இல்லை. அடித்தட்டு, ஹால், வாசல் என்று இரண்டு நாள் சேற்றைக் கையால் துழாவித் தேடினேன். கிடைக்கவில்லை.