பழைய பிரதி பத்திரமாக இருக்கும்

எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டேன். காட்டூரில் நான் வேலை பார்க்கும் புத்தக வடிவமைப்பு அலுவலகத்தில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள்.

அங்கே நாங்கள் எல்லோரும் கணினியில் ஒரே எடிட்டர் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். வேண்டிய கட்டளைகளை நாமே எழுதி அதில் சேர்த்துக்கொள்ளலாம். எழுதித் தருபவர் பக்கத்து நாற்காலிக்காரர், பல வருஷ நண்பர். ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று ஒரு உதவிக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் அவரிடமே கேட்டுக்கொள்வார்கள். நான் குறிப்பைப் படிப்பேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் என்னோடு இருக்கும் அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானது. அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நடுக்கத்தால் அப்பாவால் நாலு வார்த்தைக்கு மேல் எழுதவும் முடியாது. அதனால் தினமும் காலையில் காபி குடித்துவிட்டு அவர் பாசுரங்களுக்கு விளக்கம் சொல்ல, நான் அந்த எடிட்டரில் அடித்தேன். பாசுரம் ஓரத்தை ஒட்டி. அப்பாவின் விளக்கம், அலுவலக வழக்கப்படி, சற்று உள்ளே தள்ளி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாள்வரை சொன்னார்.

அவர் வீடு திரும்பியதும் புத்தகமாக்க உட்கார்ந்தேன். கோப்பில் ஏகப்பட்ட வெற்று வரிகள். ‘சுத்தம் செய்’ என்று ஒரு கட்டளை இருந்தது. குறிப்பைப் படித்தேன்: “வெற்று வரிகளை மட்டும் நீக்கும். பழைய பிரதி பத்திரமாக இருக்கும்.” இன்னொரு முறையும் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

உள்ளே தள்ளி இருந்த வரிகள் அத்தனையும் போய்விட்டன. பாசுரங்கள் மட்டும் வரிசையாக நின்றன. பழைய பிரதி எங்குமே இல்லை. கட்டளை தானே சேமித்து மூடியும் விட்டதால் மீட்கவும் வழியில்லை.

நண்பருக்குப் போன் செய்தேன்.

“அது பழைய குறிப்புங்க. ஒரு பாடப்புத்தகத்துக்காகக் கட்டளைய மாத்தினேன். இப்ப உள்ள தள்ளி இருக்கறதயும் சேத்து எடுத்துடும், பழைய பிரதியும் வெக்காது. இங்க எல்லாருக்கும் தெரியுமே.”

“அப்போ குறிப்பை ஏன் மாத்தலை?”

“அதையெல்லாம் யாருங்க படிக்கிறாங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

படிக்கிற ஒருத்தி பக்கத்திலேயே இருப்பது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் முதல் ஆள் அவர்தான். எல்லோருக்கும் வாயால் சொன்னவர், எனக்கு மட்டும் பொய்யை எழுத்தில் விட்டு வைத்திருந்தார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். ஸ்லேட்டை வாங்கி, கோணல்மாணலாக எழுதினார்: “ஆழ்வார் வார்த்தை இருக்கோன்னோ? போறும்.”

எனக்குப் போதவில்லை. ஆழ்வார் வார்த்தை ராஜகோபுரத்துக்கு எதிரே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

மறுநாள் காலை, காபி முடிந்ததும் அப்பா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். முதல் பாசுரத்திலிருந்து ஆரம்பித்தார் போலிருக்கிறது. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நான் விசைகளின் மேல் விரல்களை வைத்தபடி, அவர் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.