மூன்றாம் தட்டுக்கு ஏறிய ரயில்

“…ஒரு படி அரிசி எடுக்க உங்க ரயிலுக்குக் கும்பிடு போட்டுக் குனிஞ்சு வரணுமா? நான் வரமாட்டேன், நீங்களே அளந்து குடுங்க” என்று சித்தி அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

சித்தப்பா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தார், கரண்டில் ஓடுவது. எனக்கென்றுதான் பேச்சு. பாதை போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நெல் மூட்டையும் அரிசி டிரம்மும் இருந்த சின்ன அறைதான் இடம். இதில் எங்கே ஓட்டுவாய் என்று அப்பா சிரித்தார். “தரையிலதாண்ணே இடமில்ல, மேல கெடக்கே” என்று சொல்லி, சுவரோரம் பலகை அடித்து மூன்று தட்டு வைத்தார் சித்தப்பா. கீழ்த்தட்டு கீழ்வேளூர், நடுத்தட்டு தஞ்சாவூர். மேல்தட்டுக்கு மஸ்கட் என்று பெயர் வைக்கச் சொன்னேன். காதில் விழாதவர்போல ஆணி தேடினார்.

ஏற்றம்தான் தகராறு செய்தது. எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் வயலிலிருந்து டிராக்டர் ரோட்டுக்கு ஏறுகிற சரிவு ஒன்றுதான். அதைப் பார்த்தே வளர்ந்தவர், அதே கணக்கில் பலகையைச் சாய்த்தார். ரயில் பாதி ஏறும், சக்கரம் வழுக்கும், பெட்டிகளோடு பின்னாலேயே இறங்கிவரும். “சேத்துல மாட்டுன டிராக்டராட்டம் முக்குதேடா” என்றார் அப்பா.

கடைசியில் சரிவை நீட்டி, நாலு சுவரையும் சுற்ற விட்டார். சுற்றினால் கதவு வருமே? வாசலுக்குக் குறுக்கே, மார்பு உயரத்தில் ஒரு பலகை, அதன்மேல் தண்டவாளம். என்னைத் தவிர எல்லோரும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அப்படியும் அந்த வாசல் பலகையில் ரயில் தடம்புரண்டுகொண்டே இருந்தது.

லீவு முடிந்தும் சித்தப்பா கிளம்பவில்லை. டிக்கெட் எப்போது போடுவீர்கள் என்று சித்தி கேட்கும்போதெல்லாம், “இது மேல ஏறட்டும், சொல்றேன்” என்பார்.

அன்று சித்தி கையில் படியோடு நிற்கும்போதே ரயில் வந்தது. அவர் கண்ணெதிரிலேயே வாசல் பலகையைக் கடந்து, சுவரைச் சுற்றி, மூன்றாம் தட்டில் போய் நின்றது. நான் கைதட்டினேன்.

“ஏறிடுச்சுல்ல? சொல்லுங்க” என்றார் சித்தி.

சித்தப்பா ரயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கம்பெனிய மூடிட்டான். இனிமே போறதுக்கில்ல.”

எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. சித்தப்பா இங்கேயே இருப்பார், ரயிலும் இருக்கும்.

சித்தி படியைத் தரையில் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகையில் தலை படாமல் குனிந்து உள்ளே வந்தார்.