அவளுக்கு அதில் விருப்பமே இல்லை

நான் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த விஷயம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்கள் மாடியில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவின் கட்டளை அது. கலியாணப் பேச்சென்றாலும் படிப்பென்றாலும் காரியம் சரிவரும்வரை வாய் திறக்கக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும். லிஃப்டில் யாராவது, "பிள்ளை அடுத்த வருஷம் எங்க படிக்கப்போறா?" என்று கேட்டால் அம்மா முந்திக்கொண்டு, "இன்னும் ஒண்டும் யோசிக்கேல்லை" என்பார். பச்சைப் பொய்.

எனக்கோ வேறு யோசனையே இல்லை. நான் ஆசைப்பட்ட இடம் வெளியூரில். ஸ்கொலர்ஷிப் கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் அதை மறந்துவிட வேண்டியதுதான். மார்க்ஸ் மட்டும் போதாது, உண்மையிலேயே வர விரும்புகிறவர்களைத்தான் அவர்கள் தேடுவார்கள், ஆசையை ஒளிக்காமல் காட்டு என்றார் பள்ளி ஆலோசகர். பஸ் பிடித்துப் போய் வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். பேராசிரியர் ஒருவரை மறித்துக் கேள்விகூடக் கேட்டேன். தெரிவுக்கு முன் விருப்பத்தை விசாரிக்க வீட்டுக்குப் போன் எடுப்போம் என்றார்கள் அங்கே. அம்மாவிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஒருநாள் நான் பள்ளியால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன்னரே அம்மா குசினியிலிருந்து பெருமையாகச் சொன்னார்.

"ஆரோ ஒரு தமிழ்ப் பெடியன் போன் எடுத்தவன். மகளுக்கு எங்கட யூனிவர்சிற்றிக்கு வர விருப்பமோ எண்டு துருவித் துருவிக் கேட்டவன். ஊர்ப் புதினம் பிடுங்கிற ஆக்கள். அவளுக்கு உதில விருப்பமே இல்லை எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன்."

தமிழ் வீடுகளுடன் பேச அங்கே படிக்கும் தமிழ் மாணவனையே பிடித்திருக்கிறார்கள்!

"அம்மா, அது அவையள்தான்!"

"அவையள் இங்கிலீசில எல்லோ எடுப்பினம்?"

சொல்லும்போதே அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. நான் வாசலிலேயே இருந்து ஓவென்று அழுதேன். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நம்பரை அடிச்சுத் தா."

"நான் கதைக்கிறன், விடுங்கோ."

"சொன்னது நான். நீ பேசாமல் இரு."

டொக்டரிடம்கூட என்னைப் பேசவிட்டுப் பின்னால் நிற்பவர் அம்மா. மறுமுனையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்.

"மை டோட்டர் வெரி வெரி லைக்! ஷீ கம்! ஐ ரெல் லை!"

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. இது என் அம்மாதானா?

ஸ்கொலர்ஷிப் கிடைத்தது, போனேன், படித்தேன். அதைவிட எனக்கு இன்றும் நம்ப முடியாதது வேறு. அன்று நான் மூட மறந்த வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எதிர்வீட்டு அன்ரி வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, இன்னும் உரக்க, "வெரி லைக்!" என்றார்.