எண்ணெய் போட்ட பிரேக்

எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் அப்பா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தார். புது வண்டி, பச்சை நிறம், கம்பி பிரேக். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. தினமும் விடிவதற்குள் தோள்கம்பின் இரு முனையிலும் பால் தூக்குகளைத் தொங்கவிட்டு, கிருஷ்ணகிரி ஓட்டல்களுக்கு நாலு மைல் நடப்பவன் அவன்.

"ஊர் சுத்தற தொரைக்கு வண்டி. பால் சொமக்கறவனுக்குத் தோளா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. "நான் ஊர் சுத்தறவன் இல்ல. இந்த வண்டியில மேலுமலைக் கணவாயையே ஏறுவேன்" என்றேன்.

அண்ணன் பிடித்துக்கொண்டான். "ஏறணும், திரும்பி எறங்கணும். ஒரு எடத்துலகூட எறங்கித் தள்ளக் கூடாது. தள்ளுனா வண்டி எனக்கு. தள்ளலேன்னா அதுக்கப்புறம் வண்டிப் பேச்சே எடுக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் முழுவதும் வண்டியோடுதான் கிடந்தேன். எங்கள் மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெய் விட்டால் எவ்வளவு லேசாக ஓடும் என்று எனக்குத் தெரியும். சுற்றுகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் தேவை என்பது என் விஞ்ஞானம். செயினுக்கு விட்டேன், பெடலுக்கு விட்டேன். அதோடு நிற்காமல், இரண்டு சக்கரங்களின் இரும்பு வளையங்களுக்கும் துணியில் தொட்டுத் தொட்டுப் பூசினேன். வெயிலில் வெள்ளி மாதிரி மின்னியது. எனக்கு அவ்வளவு பெருமை.

அண்ணன் முன்னாலேயே பஸ் ஏறி, கணவாய் உச்சியில் காத்திருக்கப் போய்விட்டான். நான் மாந்தோப்புகளைத் தாண்டிக் குருபரப்பள்ளி வரை பாட்டுப் பாடிக்கொண்டே போனேன். அதற்கப்புறம் பாட்டு நின்றுவிட்டது. ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று. நேராக மிதிக்க முடியாமல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு என்று நெளிந்து நெளிந்து ஏறினேன். எதிரே வந்த லாரியிலிருந்து ஒருவர் தலையை நீட்டி, "ரோட்டை அளக்கறியா தம்பி?" என்று கத்திவிட்டுப் போனார். கடைசி வளைவில் சீட்டை விட்டு எழுந்து, ஒவ்வொரு பெடலின் மேலும் உடம்பு முழுவதையும் சாய்த்தேன். ஒரு தடவைகூடக் கால் தரையில் படவில்லை.

உச்சியில் புங்க மரத்தடியில் அண்ணன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சூளகிரிப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் ராகி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியோடு நின்றிருந்தார். அவர்கள் முன்னால் ஸ்டைலாக நிறுத்தலாம் என்று பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. அண்ணனைத் தாண்டி, மாட்டுக்குப் போட்டிருந்த வைக்கோலில் போய் விழுந்தேன்.

அண்ணன் சக்கரத்தைத் தடவி விரலை முகர்ந்தான். "விளக்கெண்ணெயா? பிரேக் புடிக்கற எடத்துலயா? சேலம் ஜில்லாவுலயே பிரேக்குக்கு எண்ணெ போட்ட ஒரே ஆளு நீதான்டா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சரி, தள்ளிக்கினு வா. வண்டி என்னுது."

மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். துண்டால் துடைத்தேன். வழுக்கல் போகவில்லை. "தள்ள மாட்டேன். இப்படியே எறங்கறேன்" என்று சீட்டில் ஏறினேன்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டான். "கீழ பள்ளம் தெரியல? பந்தயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எறங்குடா."

"நீயே வச்ச பந்தயம்தானே? வுடு."

வண்டிக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே தம் வண்டியின் பின்னால் ஒரு கட்டையைச் சங்கிலியில் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கத்தில் பாரம் மாடுகளைத் தள்ளாமல் இருக்க, கட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது அங்கே வழக்கம். "ஏமப்பா, அண்ணனும் தம்பியும் எதுக்கு அடிச்சிக்கறீங்க?" என்றார். "உங்க வண்டிக்கும் ஒண்ணு கட்டிக்கங்க."

அண்ணன் அவரிடம் அரிவாள் வாங்கினான். புங்க மரத்தில் முதலில் ஒரு சின்னக் கிளையைப் பார்த்தான், பிடிக்கவில்லை. ஆள் உயரத்துக்கு, இலையடர்ந்த கிளையாக வெட்டி, கேரியரில் அவனே முடிச்சுப் போட்டான். மூன்று தடவை இழுத்துப் பார்த்தான்.

அந்தக் கிளை அவ்வளவு பெரிது. வண்டி ஓடுவதற்குப் பதில் நின்றது. மலை இறக்கத்தில், ஏறும்போது மிதித்ததற்குக் குறையாமல் மிதிக்க வேண்டியதாயிற்று. பின்னால் செம்புழுதி எழும்பியது. அந்தப் புழுதிக்குள், பின்னாலேயே வந்த மாட்டு வண்டியில் வண்டிக்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டு, "மெதுவா! வளைவு! மெதுவாடா!" என்று அண்ணன் அடிவாரம் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தான். இதற்கு மேல் மெதுவாகப் போனால் விழுந்துவிடுவேன் என்று திரும்பிச் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

அடிவாரத்தில் டீக்கடை முன்னால் கிளை தானாகவே என்னை நிறுத்தியது. பாதி இலை போயிருந்தது. வண்டிக்காரர் டீக்கடைக்காரரிடம் பந்தயத்தைச் சொன்னார். இருவரும் அண்ணனின் முகத்தைப் பார்த்தார்கள்.

"தள்ளல. எறக்கத்துலயும் மிதிச்சே வந்தான்" என்றான் அண்ணன், புழுதியைத் துப்பிக்கொண்டு. "வண்டி அவனுதுதான். பேச்சு பேச்சுதான்."

டீ குடிக்க உட்கார்ந்தோம். அவன் இடது தோளில் கம்பு அழுத்திக் காய்த்துப்போன இடம் சட்டைக் கழுத்துக்கு வெளியே தெரிந்தது.

"காலையில பாலை நான் கொண்டுபோறேன்" என்றேன்.

"எண்ணெ கிண்ணெ போட்டு வச்சே, வண்டி நிக்காம பாலோட ஓட்டலுக்குள்ளயே பூந்துடும்" என்றான் அவன். பிறகு டீக்கடைக்காரரிடம் கொஞ்சம் சாம்பல் கேட்டு வாங்கிக் குந்தி உட்கார்ந்து, சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். மற்றச் சக்கரத்துக்கு நான் உட்கார்ந்தேன்.