ராடாரில் தெரியாத ப்ரோஷ்பெர்

"எனக்காகக் கப்பல்தான் ஒதுங்கும். நான் ஒதுங்குற ஆள் இல்ல" என்று வீஸ் தீவின் துறைமுகத்துக் காபிக்கடையில் மீனவர் ப்ரோஷ்பெர் அறிவித்தார். கப்பல்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அறிவிப்புக்குக் காரணம், ஸ்ப்ளிட் நகரம் போய் வாங்கி வந்த ராடார் பிரதிபலிப்பான். ராடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும், எட்டுக் குழி உள்ள அலுமினியச் சாமான். அதைக் கூர்முனை மேலே இருக்கும்படி, தேவாலய விளக்குபோலப் படகின் கம்பத்தில் தொங்கவிட்டார். அழகுக்கு ஒரு குறையும் இல்லை.

அவர் மனைவியின் அண்ணன் எர்கோ அதே சாமானைத் தகரத்தில் தானே வெட்டிச் செய்து, ஒரு குழி வானத்தைப் பார்க்கும்படி கட்டியிருந்தார். அதில் மழைநீர் தேங்கியது. கடற்காக்கைகள் குளிக்க மச்சான் தொட்டி கட்டியிருப்பதாக ப்ரோஷ்பெர் ஊரெல்லாம் சொன்னார், எர்கோவிடம் தவிர. அவர்களுக்குள் பதினோரு வருடமாகப் பேச்சு கிடையாது.

குளிர்காலத்தில் கணவாய் மீன் கொழிக்கும் இடம் பயணிகள் கப்பலின் பாதையில் இருக்கிறது. இருவரில் யார் படகு ராடாரில் நன்றாகத் தெரிகிறதோ, அந்த ஒன்றுக்குத்தான் அங்கே மீன்பிடிக்க அனுமதி என்று துறைமுக அதிகாரி சொல்லிவிட்டார். அதைச் சோதிக்க, பனி மூடிய ஒரு காலையில் எர்கோ மேற்கேயும் ப்ரோஷ்பெர் கிழக்கேயும் நங்கூரமிட்டார்கள்.

ரேடியோவில் பயணிகள் கப்பலின் கேப்டன் பேசினார்: "மேற்கே ஒரு படகு பளிச்சுன்னு தெரியுது. கிழக்கே யாரும் இல்ல. இன்னொருத்தர் தூங்கிட்டாரா?"

கேப்டனுக்கு எர்கோ வீட்டு ஒயின் போயிருக்கும் என்று ப்ரோஷ்பெர் ரேடியோவிலேயே பழி சொன்னார். சாமான்களை மாற்றிக் கட்டச் சொன்னார் அதிகாரி. கப்பல் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மச்சானும் மாப்பிள்ளையும் முகம் பாராமல் மாற்றிக்கொண்டு, அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள். தகரத்தையும் ப்ரோஷ்பெர் கூர்முனை மேலே இருக்கும்படியே தொங்கவிட்டார்.

"மேற்கே கலங்கரை விளக்கமே நிக்குது. கிழக்கே இப்பவும் காலி."

பதினோரு வருட மௌனத்தை எர்கோ ரேடியோவில் கலைத்தார். "மாப்ள, ரெண்டுமே நல்ல சாமான்தான். குழி வானத்தப் பாக்கக் கட்டு. உனக்காகச் சொல்லல. என் தங்கச்சிக்குத் துக்கத்துக்குப் போடுற கறுப்பு உடுப்பு பொருந்தாது."

ப்ரோஷ்பெர் முடிச்சில் கை வைத்தார். மச்சான் சொல்லி அவிழ்ப்பதா? கையை எடுத்துவிட்டார்.

"அப்ப கிழக்குப் பக்கமா வர்றேன்" என்றார் கேப்டன். "குறுக்கே யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ப்ரோஷ்பெர் ரேடியோவை எடுத்தார். இருக்கிறேன் என்று சொன்னால், தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாகும். திரும்ப வைத்தார்.

பனிக்குள்ளிருந்து மூன்று மாடி உயர முகப்பு நேராக வந்தது. அவர் நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இழுத்தார். என்ஜினை மெல்ல முடுக்கி, முதலில் ஐம்பது அடி தள்ளிப் போனார். பிறகு இன்னும் நூறு அடி.