கங்கையம்மன் துணை

துர்கா கானத்தூர்க் குப்பத்துப் பெண். அம்மா மீன் விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தாள். இரண்டு பஸ் மாறி இரும்புலியூரில் இருக்கும் எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு வருவாள். இரண்டு வருஷமாகக் காண்ட்ராக்ட். டேப்லெட்டில் புது ஃபைல் திறந்ததும் முதலில் ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழே 'கங்கையம்மன் துணை'. அதை அழித்துவிட்டுத்தான் படத்தைத் தொடங்குவாள். "இன்னாம்மா, பரீட்சைப் பேப்பரா இது?" என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தவன் நான்தான். பெயர் பாலு. அங்கே சீனியர். பேப்பரில் வரைந்து வளர்ந்தவன் என்ற திமிர் வேறு.

ஒரு மசாலா கம்பெனி விளம்பரத்துக்கு ஸ்டோரிபோர்டு கேட்டார்கள். படம் எடுக்கும் முன் காட்சி காட்சியாக வரைந்து காட்ட வேண்டும். யாருடையது தேறுகிறதோ அவருக்கே டீம் லீடர் வேலை, அதுவும் நிரந்தரமாக என்று முதலாளி டெனிஸ் சொல்லிவிட்டார். மூன்று நாள் உட்கார்ந்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துர்கா தன்னுடையதை முடித்து, அனுப்புவதற்கு முன் ஒரு தபா பாருங்க சார் என்று என்னிடம் கொடுத்தாள். பார்த்தேன். வயிறு எரிந்தது. அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டு டெனிஸ் சாருக்கு அனுப்பினேன். அவளிடம், உன்னுடையது தேறாது, அனுப்பாதே என்றேன்.

கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டெனிஸ் சார் எல்லோரையும் கூப்பிட்டு, பாலு எப்படி வரைந்திருக்கிறார் பாருங்கள் என்று பெரிய திரையில் ரீப்ளேயைத் தட்டினார். போட்ட கோடு, அழித்த கோடு எல்லாவற்றையும் நாங்கள் வரையும் ஆப் பதிவு செய்து வைக்குமாம். எனக்கு எங்கே தெரியும்? மடையன்.

திரையில் முதலில் வந்தது பிள்ளையார் சுழி. அடுத்து 'கங்கையம்மன் துணை'. யாரும் சிரிக்கவில்லை. என் கிண்டலைக் கேட்காத ஆள் அந்த ஆபீசிலேயே கிடையாது.

டெனிஸ் சார் துர்காவைப் பார்த்தார். "யாரும்மா வரைஞ்சது?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் எழுந்துவிட்டாள். "ஐடியா பாலு சாரோடது, சார். அவர் சொல்லச் சொல்ல நான் வரைஞ்சேன். அவ்ளோதான்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் என்று பரிதாபப்பட்டாளோ என்னவோ. அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. பாவி, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது டீம் லீடர் நான்தான். துர்கா இன்னும் காண்ட்ராக்டில் இருக்கிறாள், எனக்கு எதிர் சீட்டில். காலையில் வந்து புது ஃபைல் திறக்கிறாள். சுழி போடுவதில்லை, அம்மன் பெயரும் எழுதுவதில்லை. நேராகப் படத்துக்குப் போய்விடுகிறாள்.