ஒரு நாள் கிடக்க வேண்டிய துணி

பெரிய மருமகள் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனவள். துணி மடிக்கச் சேர்ந்து, பதினாறு வருஷத்தில் கட்டிங் பிரிவுக்கே பொறுப்பாளியாகிவிட்டாள். வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சின்னவளோ, ஜவுளி மற்றும் ஆடை மேலாண்மையில் முதுகலைப் பட்டம் வாங்கி, கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறவள். சந்தை, திட்டமிடல் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கட்டிங் மேசைப் பக்கம் மட்டும் போனதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், "இவ காலேஜ்ல மேடம்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வாள். பெரியவளைக் காட்டி, "இவளும் துணி வேலைக்குத்தான் போறா" என்பாள். அந்த 'இவளும்' பெரியவளுக்குச் சோற்றுக்கல்லாகக் கடிபடும். சின்னவள் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வீடே குரலைத் தணித்துக்கொள்ளும். பெரியவள் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தாலும் கழுவாத பாத்திரம் காத்திருக்கும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் சின்னவள் வந்து, மாணவர்கள் கண்காட்சிக்காகப் பின்னல் துணியில் நாற்பது சட்டை தைக்கப்போவதாகச் சொன்னாள். துணி ரோல் வந்துவிட்டது, நாளைக்கே வெட்டப்போகிறோம், கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டாள்.

உண்டு. இழுத்துச் சுற்றிய பின்னல் துணியைப் பிரித்து ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கிவிடும். பெரியவளுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

"உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுது?" என்றாள்.

நாற்பது சட்டையும் அளவு குறைந்துபோயின. துறைத்தலைவர், மாணவர்கள் முன்னாலேயே சின்னவளைக் கடிந்துகொண்டாராம். அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். பெரியவளுக்கு முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. மறுநாள் காலை சின்னவள் வீங்கிய கண்ணோடு பஸ்ஸுக்கு ஓடியதைப் பார்த்தபோது மனசு உறுத்தத் தொடங்கியது. சாயங்காலம் அவள் அறைக்கே போய் நின்றாள்.

"தெரிஞ்சேதான் சொல்லல. பொறாமை, வேற என்ன?"

சின்னவள் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள், "புதுத் துணி வாங்கியிருக்கோம். நீங்களே வந்து பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்கக்கா" என்றாள்.

பெரியவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். மேசை நீளத்துக்குத் துணியை உதறிப் போட்டு, அதை ஏன் கிடக்கவிட வேண்டும் என்று விளக்கினாள். பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தெளிவாக யாருமே சொன்னதில்லை என்றாள் ஒரு மாணவி.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். பலகை ஓரமாகச் சின்னவள் தனியாக நின்று உதட்டளவில் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பெரியவள் எத்தனையோ நாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். ஒரு கணம் அது இனிக்கவும் செய்தது, பொய் சொல்வானேன்.

துணி ஒரு நாள் கிடந்தால் ஆர்டர் தள்ளிப்போகாதா என்று ஒருவன் கேட்டான்.

"அது எனக்குச் சொல்ல வராதுப்பா. உங்க மேடத்தைக் கேளுங்க" என்று பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.